33 பேர் இருந்தும் ஆள் இல்லை: தேசிய ரக்பி அணித் தேர்வு எப்படி நடக்கிறது?

2023 செப்டம்பரில் உலகக்கோப்பை தொடங்கிய சில நாள்களிலேயே தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் பயிற்சியின்போது முழங்காலில் அடிபட்டு விலகினார். அவருக்குப் பதில் இன்னொரு ஹூக்கர் வருவார் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். வந்தவர் ஹான்ட்ரே பொல்லார்ட். அவர் ஃப்ளை ஹாஃப். ஸ்க்ரம்மின் (இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள்கோத்து எதிரெதிரே தள்ளுவது) நட்டநடுவில் முட்டி மோதுகிறவர் போன இடத்துக்கு, பின்னால் நின்று பந்தை உதைத்து ஆட்டத்தை நடத்துகிறவர் வந்தார். அதே அணியின் முதல் பட்டியலைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். ஸ்க்ரம் ஹாஃப் நான்கு பேர் இருந்தார்கள். முழுநேர ஃப்ளை ஹாஃப் ஒருவர்தான்.

ஒவ்வொரு தேசிய அணியின் பட்டியல் வெளியாகும்போதும் இப்படிச் சில கேள்விகள் எழும். நன்றாக ஆடுகிறவரை ஏன் விட்டார்கள்? பெயர் கேள்விப்படாத ஒருவர் எப்படி உள்ளே வந்தார்? 33 பேரை அழைத்துப்போய்விட்டு, ஒருவர் காயமடைந்ததும் ஏன் தடுமாறுகிறார்கள்? பதில் பெரும்பாலும் ரக்பியின் சட்டங்களிலும், ஒவ்வொரு நாட்டின் கிளப் அமைப்பிலும் இருக்கிறது. பயிற்சியாளரின் விருப்பு வெறுப்புக்கு அதில் பங்குண்டு, ஆனால் ரசிகர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

## முதலில் எண்கள்: 15, 23, 33

இங்கே பேசுவது 15 பேர் ஆடும் ரக்பி யூனியனைப் பற்றி. களத்தில் 15 பேர், பெஞ்சில் 8 பேர். ஆக ஓர் ஆட்டத்துக்கு 23 பேர். 2015, 2019 உலகக்கோப்பைகளில் ஒரு நாடு 31 பேரை அழைத்துவரலாம் என்றிருந்தது. 2023இல் அது 33 ஆனது. இரண்டு ஆட்டங்களுக்கு இடையே எல்லா அணிகளுக்கும் குறைந்தது ஐந்து நாள் ஓய்வு என்பதும் அப்போதுதான் வந்தது.

ஓய்வு விஷயம் சும்மா வரவில்லை. 2015 செப்டம்பர் 19 அன்று ஜப்பான் 34-32 என்று தென்னாப்பிரிக்காவை வீழ்த்தியது. உலகக்கோப்பை வரலாற்றின் மிகப்பெரிய அதிர்ச்சி அதுதான் என்று இன்றும் சொல்வார்கள். நான்கே நாள் கழித்து, 23ஆம் தேதி, அதே ஜப்பான் ஸ்காட்லாந்திடம் 45-10 என்று தோற்றது. உடம்பு தேறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிட்டது. முதல் 15 பேருக்குச் சமமான இன்னொரு 15 பேர் ஜப்பானிடம் இல்லை.

முதுகில் இருக்கும் எண்ணே வீரரின் வேலையைச் சொல்லிவிடும். 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள். 9 முதல் 15 வரை பேக்குகள்.

1. எண் 1, 2, 3 முன்வரிசை. நடுவில் ஹூக்கர், இருபுறமும் ப்ராப்கள்.
2. எண் 4, 5 லாக்குகள். உயரமானவர்கள், லைன்அவுட்டில் (பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தை மீண்டும் உள்ளே எறியும்போது) பந்தைப் பிடிப்பவர்கள்.
3. எண் 6, 7 ஃப்ளாங்கர்கள். 8க்குத் தனிப்பெயர் இல்லை, நம்பர் எயிட் என்றே அழைக்கிறார்கள். இந்த மூவரும் தடுப்பதும் பந்தைப் பறிப்பதும் அதிகம்.
4. எண் 9 ஸ்க்ரம் ஹாஃப், எண் 10 ஃப்ளை ஹாஃப். ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பது இந்த இருவர்.
5. எண் 12, 13 சென்டர்கள், 11, 14 விங்குகள், 15 ஃபுல்பேக்.

இந்த 15 இடங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. விங் ஆடுகிறவர் ஃபுல்பேக்காக ஆடலாம். ஃப்ளாங்கர் நம்பர் எயிட் ஆகலாம். லாக் சில சமயம் ஃப்ளாங்கராகலாம். ஆனால் ஒரு விங்கை ப்ராப் இடத்தில் நிறுத்தினால் அவர் கழுத்துக்கே ஆபத்து. அதனால் "அணியில் ஆழம் இருக்கிறதா?" என்ற கேள்வியை மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும்.

## சட்டமே பிடித்து வைத்திருக்கும் இடம்

23 பேர் கொண்ட அணியில் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்கள் குறைந்தது 6 பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது பெஞ்சில் இருக்கும் 8 இடங்களில் 3 இடம் தொடக்கத்திலேயே போய்விடும்: இடதுபுற ப்ராப் ஒருவர், ஹூக்கர் ஒருவர், வலதுபுற ப்ராப் ஒருவர். எவ்வளவு பெரிய பயிற்சியாளராக இருந்தாலும் இதில் கை வைக்க முடியாது.

இந்த மூன்றிலும் அரிதானவர் டைட்ஹெட் எனப்படும் வலதுபுற ப்ராப். ஸ்க்ரம்மில் அவருடைய தலை எதிரணியின் ப்ராப்புக்கும் ஹூக்கருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். இருவருடைய தள்ளலும் அவர் தோள்களில் இறங்கும். இடதுபுறத்தவருக்கு ஒரு தோள் வெளியே இருக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த ப்ராப்கள் குறைவு. தென்னாப்பிரிக்காவின் ட்ரெவர் நியகானே போன்ற ஒருவர் பட்டியலில் இருந்தால், அவர் முதல் 15இல் இல்லாவிட்டாலும் பயிற்சியாளருக்கு ஓர் இடம் மிச்சமாகும். ரசிகர்கள் கண்டுகொள்ளாத இப்படிப்பட்டவர்கள்தான் பட்டியலின் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள்.

முன்வரிசையில் ஆள் தீர்ந்துபோனால் என்ன ஆகும்? 2022 பிப்ரவரியில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக இத்தாலிக்கு அது நடந்தது. ஹூக்கர் ஜான்மார்கோ லுக்கேசி தொடக்கத்திலேயே காயமடைந்து வெளியேறினார். மாற்றாக வந்த ஹாமே ஃபைவா 19ஆம் நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். மூன்றாவது ஹூக்கர் கிடையாது. ஸ்க்ரம்மில் தள்ளுவதே கூடாது என்று ஆகிவிட்டது. அது மட்டுமல்ல, அந்த நிலைக்குக் காரணமான அணி இன்னொருவரையும் வெளியே அனுப்ப வேண்டும் என்பது விதி. இத்தாலி 13 பேரோடு சுமார் ஒரு மணி நேரம் ஆடியது. முடிவு 57-6.

இது கொடுமையாகத் தெரியும். ஆனால் இந்த விதி இல்லாவிட்டால், ஸ்க்ரம்மில் உதை வாங்கும் அணி ஒரு ப்ராப்புக்குக் காயம் என்று சொல்லி மொத்தத் தள்ளலையும் நிறுத்திவிடும். அந்தத் தந்திரத்தை அடைக்கத்தான் தண்டனை இவ்வளவு கடுமையாக இருக்கிறது. என்னைக் கேட்டால் விதி சரி; இத்தாலிக்கு அன்று நேரம் சரியில்லை.

அடுத்த ஆண்டு, 2023 மார்ச்சில் எடின்பரோவில், அயர்லாந்துக்கே கிட்டத்தட்ட இதே நிலை. டேன் ஷீஹன், ரோனன் கெலஹர் என்று இரண்டு ஹூக்கர்களும் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் காயமடைந்தார்கள். ஆனால் பல ஆண்டு அனுபவமுள்ள ப்ராப் கியன் ஹீலி ஸ்க்ரம்மில் ஹூக்கர் இடத்தில் நின்றார். லைன்அவுட்டில் பந்தெறியும் வேலையை ஃப்ளாங்கர் ஜோஷ் வான் டெர் ஃப்ளியர் எடுத்துக்கொண்டார். ஹூக்கரின் ஒரு வேலையை இரண்டாகப் பிரித்து இருவரிடம் கொடுத்தார்கள். அயர்லாந்து 22-7 என்று வென்றது.

## அப்படியானால் ஆழம் என்பது என்ன?

தலை எண்ணிக்கை ஆழம் ஆகாது. மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்.

1. இடைவெளி. ஓர் இடத்தின் முதல் வீரருக்கும் இரண்டாமவருக்கும் தரத்தில் எவ்வளவு வித்தியாசம்? உலகின் மிகச்சிறந்த ஸ்க்ரம் ஹாஃப் இருப்பது அணிக்குப் பலம்தான். ஆனால் அடுத்தவர் சுமாரானவர் என்றால் அந்த இடத்தில் ஆழமில்லை. 2023 உலகக்கோப்பையில் நமீபியாவை 96-0 என்று நசுக்கிய அன்றுதான் பிரான்ஸின் அன்டுவான் டுப்பானுக்குக் கன்ன எலும்பு முறிந்தது. காலிறுதிக்கு அவர் திரும்பிவருவாரா என்று ஒரு நாடே காத்திருந்தது. வந்தார், பிரான்ஸ் 28-29 என்று தோற்றது வேறு கதை.

2. அனுபவம். இரண்டாமவர் சர்வதேச ஆட்டத்தில், அதே இடத்தில், நெருக்கடியான நேரத்தில் ஆடியிருக்கிறாரா? கிளப் ஆட்டத்தில் அசத்துவது போதாது.

3. இடம் மாறும் திறன். ஒருவர் போனால், பக்கத்து இடத்துக்காரர் அரைமணி நேரமாவது சமாளிப்பாரா? 2015இல் லண்டனில் இங்கிலாந்துக்கு எதிராக வேல்ஸின் பேக்குகள் மூன்று பேர் அடுத்தடுத்துக் காயமடைந்து வெளியேறினார்கள். ஸ்க்ரம் ஹாஃப் லாயிட் வில்லியம்ஸ் விங்கில் நிறுத்தப்பட்டார். அவர் குறுக்கே உதைத்த பந்தைத்தான் கேரத் டேவிஸ் எடுத்து ட்ரை அடித்தார் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது). வேல்ஸ் 28-25 என்று வென்றது. உலகக்கோப்பையை நடத்திய இங்கிலாந்து முதல் சுற்றோடு வெளியேற அது பெரிய காரணமானது.

மூன்றாவது விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இடம் மாறும் திறன் நெருக்கடிக்கு உதவும். நிரந்தர ஏற்பாடாக வைத்தால் சிக்கல். அதே 2015 இங்கிலாந்து அணியில், 13 பேர் ஆடும் ரக்பி லீகிலிருந்து வந்த சாம் பர்ஜஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பாத் கிளப்பில் அவர் ஃப்ளாங்கராக ஆடியவர். தேசிய அணியில் சென்டர். வாரா வாரம் ஓர் இடத்தில் ஆடுகிறவரைப் பெரிய ஆட்டத்தில் வேறோர் இடத்தில் நிறுத்தினார்கள். உடல்பலத்தை நம்பிய தேர்வு அது. பர்ஜஸைக் குறை சொல்வது எளிது, ஆனால் கோளாறு அவரிடம் இல்லை.

## எண் 10: நான்காம் ஆள் வென்ற கோப்பை

முன்வரிசைக்கு அடுத்தபடி ஆபத்தான இடம் ஃப்ளை ஹாஃப். சட்டம் இங்கே எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் எப்போது உதைப்பது, எப்போது பந்தை நகர்த்துவது, எங்கே தாக்குவது என்ற முடிவுகள் இவர் கையில். கோல் உதைப்பதும் பெரும்பாலும் இவரே.

2011இல் நியூசிலாந்து சொந்த மண்ணில் உலகக்கோப்பை ஆடியது. உலகின் தலைசிறந்த ஃப்ளை ஹாஃப் டேன் கார்ட்டர் கனடா ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் தொடையிடுக்கில் காயமடைந்து விலகினார். அடுத்து வந்த காலின் ஸ்லேட் காலிறுதியில் காயம். அடுத்து ஏரன் க்ரூடன். இறுதி ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முழங்காலில் அடி. நான்காமவராக ஸ்டீஃபன் டொனால்ட் களமிறங்கினார். அணி கூப்பிட்டபோது அவர் வைகாட்டோ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த சட்டையும் இறுக்கமாகத்தான் இருந்தது. இரண்டாம் பாதியில் அவர் அடித்த பெனால்டி கோல் உட்பட நியூசிலாந்து எடுத்தது 8 புள்ளி, பிரான்ஸ் 7.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். டொனால்ட் திடீரென்று முளைத்தவர் அல்ல என்பதை அப்போது மறந்துவிடுகிறார்கள். அவர் ஏற்கெனவே நியூசிலாந்துக்கு டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) ஆடியவர், உள்நாட்டில் சீஃப்ஸ் அணியில் பல ஆண்டு ஃப்ளை ஹாஃபாக இருந்தவர். பட்டியலில் இடமில்லாத நான்காம் ஆள்கூட அந்த வேலையை முன்பே செய்தவராக இருந்தார். மேலே சொன்ன இரண்டாவது விஷயம், அனுபவம், இதுதான்.

## பெஞ்சு: 5-3, 6-2, 7-1

பெஞ்சின் 8 பேரில் 5 ஃபார்வர்டுகள், 3 பேக்குகள் என்பதுதான் நீண்டகால வழக்கம். முன்வரிசைக்கு மூவர், லாக்குக்கு ஒருவர், பின்வரிசைக்கு (6, 7, 8) ஒருவர். அப்புறம் ஸ்க்ரம் ஹாஃப், ஃப்ளை ஹாஃப், இன்னொரு பேக்.

2019 உலகக்கோப்பையில் தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் ரஸ்ஸி எராஸ்மஸ் இதை 6-2 என்று மாற்றினார். ஃபார்வர்டுகள்தான் அதிகம் மோதிக் களைக்கிறார்கள். இரண்டாம் பாதியில் கிட்டத்தட்ட முழு ஃபார்வர்டு வரிசையையும் புதிதாக இறக்கினால் எதிரணி நொறுங்கும். 'பாம் ஸ்குவாட்' என்று அந்தப் பெஞ்சுக்குப் பெயரே வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் லண்டனில் நியூசிலாந்துக்கு எதிராக, பெஞ்சில் இருக்கவேண்டிய ஃபுல்பேக் வில்லி லெ ரூ கடைசி நேரத்தில் விலகியபோது, அவர் இடத்தையும் ஒரு ஃபார்வர்டுக்கே கொடுத்தார்கள். 7-1. அன்று 35-7 என்று வென்றார்கள். அதுவரையிலான நியூசிலாந்தின் வரலாற்றிலேயே மோசமான தோல்வி அது.

இதில் உள்ள சூதாட்டம் வெளிப்படை. தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலே வீரர் மருத்துவச் சோதனைக்கு வெளியே போக வேண்டும். இரண்டு பேக்குகள் போனால்? 2025 மார்ச்சில் டப்ளினில் பிரான்ஸ் 7-1 பெஞ்சோடு ஆடியது. சென்டர் பியேர்-லூயி பராசியும் டுப்பானும் முதல் பாதியிலேயே வெளியேறினார்கள். பெஞ்சிலிருந்த ஒரே பேக்கான மாக்ஸிம் லூக்கு ஸ்க்ரம் ஹாஃபாக வந்தார். சென்டர் இடத்தில் ஆஸ்கார் ஜெகூ என்ற ஃப்ளாங்கரை நிறுத்தினார்கள். பிரான்ஸ் 42-27 என்று வென்றது. ஆகவே 7-1 பெஞ்சு வேண்டுமென்றால், சென்டராக ஓடக்கூடிய ஃப்ளாங்கர் முதலில் வேண்டும். அப்படி ஓர் ஆள் இல்லாத நாடுகள் இதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

## பொல்லார்ட் கணக்கு

இப்போது மார்க்ஸுக்குப் பதில் பொல்லார்ட் வந்ததைப் பார்க்கலாம். தலைமைப் பயிற்சியாளர் ஜாக் நினாபர் முன்னால் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, ஹூக்கர்: பாங்கி ம்போனாம்பி மட்டும் மிச்சம். இன்னொன்று, நம்பகமாகக் கோல் உதைப்பவர் இல்லை. ஃப்ளை ஹாஃப் மானி லிபோக் பந்தைக் கையாள்வதில் கெட்டிக்காரர். கோல் உதைப்பதில் அப்படிச் சொல்ல முடியாது. பிறகு அயர்லாந்திடம் 13-8 என்று தோற்ற ஆட்டத்தில் லிபோக்கும் ஸ்க்ரம் ஹாஃப் ஃபாஃப் டி கிளார்க்கும் சேர்ந்து 11 புள்ளிகளை உதையில் வீணாக்கினார்கள்.

ஒரு மாற்றுதான் அனுமதி. ஹூக்கர் ஓட்டையை, அந்த வேலையும் தெரிந்த ஃப்ளாங்கர்களை வைத்துச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். உதைப்பவர் ஓட்டைக்கு அப்படி ஒட்டுப்போட வழியில்லை. கால்காயம் காரணமாக முதல் பட்டியலில் விடுபட்டிருந்த பொல்லார்டும் அதற்குள் தேறியிருந்தார்.

விளைவுகளை வரிசையாகச் சொன்னால்:

1. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக லிபோக்கை 31ஆம் நிமிடத்திலேயே வெளியே எடுத்துப் பொல்லார்டை இறக்கினார்கள். 78ஆம் நிமிடத்தில் வெகுதொலைவிலிருந்து அவர் உதைத்த பெனால்டியில் 16-15.
2. இறுதி ஆட்டத்தில் ம்போனாம்பி முதல் சில நிமிடங்களிலேயே காயமடைந்தார். பயந்தது நடந்துவிட்டது. 37 வயது டியான் ஃபூரி கிட்டத்தட்ட முழு ஆட்டத்துக்கும் ஹூக்கராக நின்றார். லைன்அவுட்டில் தென்னாப்பிரிக்கா தடுமாறியது, விலை கொடுத்தார்கள்.
3. அதே இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா எடுத்த 12 புள்ளிகளும் பொல்லார்ட் அடித்த நான்கு பெனால்டிகள். நியூசிலாந்து 11.

பெஞ்சு அன்றும் 7-1 தான். ஸ்க்ரம் ஹாஃபுக்கு மாற்றே இல்லை; பட்டியலில் நான்கு பேர் இருந்தும் அன்று டி கிளார்க் ஒருவர்தான் 23க்குள். ஒரு புள்ளியில் வென்றதால் இதெல்லாம் மேதைமை ஆகிவிட்டது. லைன்அவுட்டில் இன்னும் ஒரு பந்து போயிருந்தால் இதே தேர்வை ஆணவம் என்று எழுதியிருப்பார்கள். இருந்தாலும் தர்க்கம் சரியாகவே இருந்தது: எந்த ஓட்டையை ஒட்டுப்போட முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பார்த்திருந்தார்கள்.

## பெயர் இருந்தால் போதுமா?

அதே உலகக்கோப்பையின் காலிறுதியில் அயர்லாந்து நியூசிலாந்திடம் 28-24 என்று தோற்றது. தொடர்ந்து 17 ஆட்டங்கள் வென்று வந்த அணி. 38 வயது ஜானி செக்ஸ்டன் 80 நிமிடமும் ஆடினார். மாற்று ஃப்ளை ஹாஃப் ஜாக் க்ராலி பெஞ்சிலேயே இருந்தார். கடைசித் தாக்குதல் 37 கட்டங்கள் (பந்தை விடாமல் அடுத்தடுத்து மோதும் சுற்றுகள்) நீண்டு, பந்து பறிபோய் முடிந்தது. அதோடு செக்ஸ்டன் ஓய்வு பெற்றார்; அடுத்த ஆண்டு அதே க்ராலி ஃப்ளை ஹாஃபாக ஆடி அயர்லாந்து சிக்ஸ் நேஷன்ஸ் (ஐரோப்பாவின் ஆறு நாடுகள் மோதும் ஆண்டுத் தொடர்) கோப்பையை வென்றது.

அயர்லாந்திடம் ஆள் இருந்தார். இறக்குகிற துணிச்சலும், அந்தத் துணிச்சலைத் தருகிற முன்னனுபவமும்தான் இல்லை. இவ்வளவுக்கும் 2015 காலிறுதியில் செக்ஸ்டன், கேப்டன் பால் ஓ'கானல், பீட்டர் ஓ'மஹனி என்று முக்கிய வீரர்கள் இல்லாமல் அர்ஜென்டினாவிடம் 43-20 என்று தோற்ற நாடு அது. மற்ற இடங்களில் ஆழம் சேர்த்தார்கள். எண் 10இல் மட்டும் கடைசிவரை ஒரே மனிதரை நம்பினார்கள்.

அந்த முன்னனுபவத்தைச் சேர்க்க ஒரே வழி, முக்கியமான ஆட்டங்களில் புதியவர்களுக்கு நேரம் கொடுப்பது. சில தோல்விகளைத் தெரிந்தே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். எராஸ்மஸின் முதல் டெஸ்ட் 2018 ஜூனில் வாஷிங்டனில் வேல்ஸுக்கு எதிராக. புதுமுகங்கள் நிறைந்த அணியை இறக்கி 22-20 என்று தோற்றார், திட்டும் வாங்கினார். 2019இல் ஒரு குழு ஜோகன்னஸ்பர்கில் ஆஸ்திரேலியாவை எதிர்கொண்டபோதே, இன்னொரு குழுவை வெலிங்டனுக்கு முன்கூட்டி அனுப்பிவிட்டார். முதல் குழு 35-17 என்று வென்றது. அடுத்த வாரம் வெலிங்டனில் 16-16 என்று சமன். ஒரே அணி இரண்டாகப் பிரிந்து இரண்டு கண்டங்களில் தயாரானது.

பிரான்ஸின் வழி வேறு. 2020 டிசம்பரில் கிளப்களோடு செய்த ஒப்பந்தத்தால் முன்னணி வீரர்கள் கிடைக்காமல், கிட்டத்தட்ட இரண்டாம் அணியை லண்டனுக்கு அனுப்பியது. அந்தப் பையன்கள் கூடுதல் நேரம் வரை இழுத்து 22-19 என்றுதான் இங்கிலாந்திடம் தோற்றார்கள். 2025 ஜூலையில் நியூசிலாந்துக்கும் பல முன்னணி வீரர்களை விட்டுவிட்டே போனார்கள்; மூன்று டெஸ்டிலும் தோல்வி. இப்படி முழு இரண்டாம் அணியை இறக்குவதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். தனி ஒரு ப்ராப் எவ்வளவு தாங்குவார் என்பது தெரியவரும். ஆனால் புதிய 10 ஒருவர் அனுபவமுள்ள 9க்கும் 12க்கும் நடுவே எப்படி ஆடுவார் என்பது தெரியாது. உலகக்கோப்பையில் அவர் ஆடப்போவது அந்தச் சூழலில்தான்.

## ஆழம் உருவாகும் இடம்

தேசியப் பயிற்சியாளர் கையில் வீரர்கள் இருப்பது ஆண்டில் சில வாரங்கள். மீதி நாளெல்லாம் அவர்கள் கிளப்களில். ஆகவே ஒரு நாட்டில் எத்தனை தொழில்முறை அணிகள் உண்டோ, வாரந்தோறும் அத்தனை பேர்தான் 10ஆம் எண் சட்டை போட முடியும். நியூசிலாந்துக்கு, சூப்பர் ரக்பி என்ற கிளப் தொடரில் ஐந்து அணிகள். அயர்லாந்துக்கு நான்கு மாகாணங்கள். ஸ்காட்லாந்துக்கு இரண்டே இரண்டு: கிளாஸ்கோ, எடின்பரோ. பிரான்ஸின் முதல் நிலை லீகில் மட்டும் 14 கிளப்கள். எண்ணிக்கை பெரியதுதான், ஆனால் அங்கே பணம் அதிகம் என்பதால் வெளிநாட்டு ப்ராப்களும் ஃப்ளை ஹாஃப்களும் குவிந்தார்கள். உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்கள் இத்தனை பேராவது ஆட வேண்டும் என்ற விதி வந்த பிறகே நிலைமை மாறியது. 2018, 2019, 2023 ஆகிய மூன்று முறை பிரான்ஸ் 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை வென்றதில் அந்த விதிக்கும் பங்குண்டு.

அப்புறம், வெளிநாட்டில் ஆடுகிறவரைத் தேர்வு செய்யலாமா என்ற கேள்வி. இதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது.

1. நியூசிலாந்து, உள்நாட்டு ஒப்பந்தம் இருந்தால்தான் எடுக்கும். 2023 இறுதி ஆட்டத்தின் ஃப்ளை ஹாஃப் ரிச்சி மொஉங்கா ஜப்பான் கிளப்புக்குப் போனதும் தேசிய அணிக்கு இல்லாமல் போனார்.
2. இங்கிலாந்தும் விதிவிலக்கான சூழல் தவிர, உள்நாட்டு லீகில் ஆடுகிறவர்களையே எடுக்கிறது.
3. ஆஸ்திரேலியா 2015இல் நடுவழி கண்டது: 60 டெஸ்ட், 7 ஆண்டு உள்நாட்டுச் சேவை முடித்தவர் வெளிநாட்டில் ஆடினாலும் சரி. அந்த விதியால் வந்த மேட் கிட்டோவோடு அந்த ஆண்டு இறுதி ஆட்டம் வரை போனார்கள்.
4. தென்னாப்பிரிக்கா யாரையும் எங்கிருந்தும் எடுக்கும்.

கட்டுப்பாடு வைத்தால் உள்நாட்டு லீக் பிழைக்கும்; தளர்த்தினால் அணி உடனே வலுப்பெறும். ஸ்காட்லாந்து போல இரண்டு கிளப் வைத்திருக்கும் நாடு முதலாவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அவர்களுடைய ஃப்ளை ஹாஃப் ஃபின் ரஸ்ஸல் ஆடுவது இங்கிலாந்தின் பாத் கிளப்புக்கு.

## சிறிய நாடுகளின் நிலை

எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பதற்கு உலக ரக்பி அமைப்பின் விதி: அங்கே பிறந்திருக்கலாம், பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்கலாம், அல்லது தொடர்ந்து 5 ஆண்டு அங்கே வசித்திருக்கலாம். இந்த வசிப்புக் காலம் முன்பு 3 ஆண்டாக இருந்தது. 2022 முதல் இன்னொரு கதவும் திறந்தது. ஒரு நாட்டுக்கு ஆடியவர், 3 ஆண்டு சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகியிருந்தால், பிறப்பாலோ குடும்பத்தாலோ தொடர்புள்ள வேறு நாட்டுக்கு ஒருமுறை மாறலாம்.

இதனால் நியூசிலாந்துக்கு ஆடிய சார்ல்ஸ் பியுட்டாவும் மலாக்காய் ஃபெகிட்டோவாவும் 2023இல் டோங்கா சட்டையில் வந்தார்கள். பசிபிக் தீவுகளுக்காக வந்த விதி என்றே பேசப்பட்டது. ஆனால் அயர்லாந்துக்காக 2019இல் ஆடிய லாக் ஜான் க்ளைன் 2023இல் தென்னாப்பிரிக்காவுக்காக உலகக்கோப்பையே வென்றுவிட்டார். பெரியவர்களும் அதே கதவைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்தான்.

விதி மாற்றம் முதல் 15 பேரை மெருகேற்றும். 25ஆவது, 30ஆவது ஆளை உருவாக்காது. அதற்கு வேலை தரும் கிளப் வேண்டும். ஃபிஜியில் அது நடந்தது. ஃபிஜியன் ட்ருவா என்ற அணி 2022இல் சூப்பர் ரக்பிக்குள் வந்தது. ஐரோப்பாவுக்குப் போனால்தான் பிழைப்பு என்றிருந்த வீரர்கள் சொந்த நாட்டிலேயே ஒன்றாக ஆடத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில் ஃபிஜி லண்டனில் இங்கிலாந்தை 30-22 என்று வென்றது. உலகக்கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22-15 என்று வென்றது. 1954க்குப் பிறகு முதல் முறை. அந்த ஆட்டத்தில் கோல் உதைத்த ஸ்க்ரம் ஹாஃப் சிமியோனே குருவோலி ட்ருவா வீரர்.

ஆனால் ட்ருவாவின் ஃப்ளை ஹாஃப் கேலப் மன்ட்ஸ், முதல் ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியில் முழங்காலில் காயமடைந்து ஊர் திரும்பியிருந்தார். அந்த இடத்துக்கு அவரளவு பழகிய இன்னொருவர் கிடைக்கவில்லை. வேல்ஸிடம் 32-26, போர்ச்சுகலிடம் 24-23, காலிறுதியில் இங்கிலாந்திடம் 30-24 என்று எல்லாமே நூலிழையில் போன தோல்விகள். ட்ருவா ஒரே ஒரு கிளப். அங்கே வாரத்துக்கு ஒருவர்தான் 10ஆம் எண் சட்டையோடு ஆட்டத்தைத் தொடங்க முடியும்.